புல்லுருவியும் சந்தனமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பர்கூர் அருகே எங்களுக்குச் சிறிய மாந்தோப்பு உண்டு; அப்பா பார்த்துக்கொள்கிறார். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறேன். இயற்கையில் உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்கின்றன என்று நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். நான் பார்ப்பதோ போட்டி மட்டுமே. எங்கள் பெங்களூரா மாமரங்களின் கிளைகளில் ஒட்டி வளரும் புல்லுருவி அவற்றை உறிஞ்சுகிறது. அஞ்செட்டியில் உறவினர்களின் ராகிக் காட்டை யானை அழிக்கிறது. பணியிடத்தில் எளியவனை மிதித்து வலியவன் மேலே போகிறான். டார்வின் சொன்னது இதைத்தான் என்கிறார் என் மேலாளர். சார்ந்து வாழ்தல் என்பது எழுத்தாளர்களின் கற்பனைதானா? இந்த வேலையில் நான் நீடிக்கலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் புல்லுருவியைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். பதில் எழுதுவது அதனால்தான். யானையைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. இரவெல்லாம் பரண்மேல் விழித்திருந்து ராகியைக் காப்பவருக்கு, வீட்டில் உறங்கி எழுகிற நான் உபதேசம் செய்வது அநாகரிகம்.

உங்கள் மேலாளர் டார்வினைப் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. 1859-இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் மூன்றாம் அத்தியாயத்தில், வாழ்க்கைப் போராட்டத்தை விளக்க டார்வின் எடுத்துக்கொள்ளும் உதாரணங்களுள் ஒன்று, ஆப்பிள் மரத்தில் வளரும் புல்லுருவி. அது மரத்தை நம்பியிருக்கிறது. அளவுமீறிப் பெருகினால் மரமும் நலிந்து சாகும். ஒரே கிளையில் நெருங்கி முளைத்த கன்றுகள் தமக்குள் போட்டியிடுகின்றன. விதையைப் பரப்பப் பறவைகள் வேண்டும் என்பதால், அவற்றைக் கவர்வதில் பிற கனிமரங்களோடும் அது போட்டியிடுகிறது. ஓர் உயிர் மற்றோர் உயிரைச் சார்ந்திருப்பதையும் உள்ளடக்கியே தாம் போராட்டம் என்று கூறுவதாக டார்வின் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். நீங்கள் எதிரெதிராக நிறுத்தும் இரண்டையும் அவர் ஒரே செடியில் பார்த்தார்.

காவேரிப்பட்டணம் பக்கம் என் தாய்மாமனுக்குத் தோப்பு இருந்தது. புல்லுருவியை ஏசுவதில் அவருக்குச் சலிப்பே வராது. வீட்டோடு வந்து தங்கிவிட்ட உறவினர் ஒருவரின் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தார். அதே மாமா கிணற்றடியில் தானாக முளைத்த சந்தனக் கன்றுக்கு முள்வேலி கட்டி, செருப்புக் காலோடு எவரையும் அருகில் விடாமல் காத்தார். அந்தக் கன்றோ மண்ணுக்கடியில் அக்கம்பக்கத்து வேர்களில் தன் உறிஞ்சுறுப்புகளைப் பதித்து, நீரையும் உப்புகளையும் எடுத்துக்கொண்டிருந்தது. நாற்றங்காலில் சந்தனத்தோடு துவரையைச் சேர்த்து வளர்ப்பது இதற்காகத்தான். துணை கிடைக்காத சந்தனம் நோஞ்சானாகவே நிற்கும். சித்தேரி மலையிலும் ஜவ்வாது மலையிலும் பேர்பெற்ற சந்தனம் முழுவதும் இப்படி வளர்ந்ததே. புல்லுருவிக்கும் பச்சை இலை உண்டு, சந்தனத்துக்கும் உண்டு. வெயிலில் உணவு சமைக்க இரண்டுக்கும் தெரியும். பிறரிடமிருந்து இரண்டும் பெறுவது பெரும்பாலும் நீரும் உப்பும்தான். தாவரவியலாரும் இரண்டையும் ஒரே வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள். மாமாவிடம் இதைச் சொல்லியிருந்தால், சந்தனம் கிலோ என்ன விலை தெரியுமா என்று கேட்டிருப்பார். நம்முடைய இயற்கை நியாயங்கள் பலவற்றுக்கும் அடியில் இருப்பது இந்தச் சந்தை விலைதான்.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. தோப்பில் வளர்ந்த ஒருவருக்குப் புல்லுருவியைப் பற்றிச் சொல்ல ‘உறிஞ்சுகிறது’ என்பதைத் தவிர வேறொன்றும் இல்லையா? அதன் மொட்டைத் தேன்சிட்டு அலகால் நெருடித் திறப்பதை நீங்கள் பார்த்ததே இல்லையா? சிட்டுக்குருவியைவிடச் சிறிய பூக்கொத்தி அதன் பழத்தைத் தின்கிறது. பசைபோல் ஒட்டும் விதையை உதறித் தள்ள முடியாமல் கிளையில் தேய்க்கிறது. தேய்த்த இடத்தில் அடுத்த செடி முளைக்கிறது. உங்கள் அப்பாவுக்கு நட்டமாவது பூக்கொத்திக்கு உணவு. இதில் யார் வலியவர் என்று அந்த மேலாளரைக் கேளுங்கள்.

இதைப் படித்துவிட்டு, இயற்கை என்றாலே அன்பு என்று நெகிழ்ந்து கடிதம் எழுத ஒரு கூட்டம் கிளம்பும். அவர்களிடம் எனக்கு இன்னும் பொறுமை குறைவு. புல்லுருவி மாமரத்துக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. கிளை காய்கிறது, காய்ப்பு குறைகிறது. ஆனால் ஆஸ்திரேலியாவில் சில வனத்துண்டுகளில் புல்லுருவிகளை முற்றாக வெட்டியெடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வின்படி, மூன்றே ஆண்டுகளில் அங்கிருந்த பறவை இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. புல்லுருவியின் சத்து மிகுந்த இலைகள் உதிர்ந்து, அந்தச் சருகில் பூச்சிகள் பெருகி, அவற்றைத் தரையில் மேயும் பறவைகள் தின்று வாழ்ந்திருந்தன. மரத்துக்குத் தீங்கானதே காட்டுக்கு ஆதாரமாகவும் இருந்தது.

உங்கள் அப்பா தாராளமாக வெட்டட்டும். பெங்களூராவை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அதில் குற்றவுணர்வு தேவையில்லை. செடியை மட்டும் ஒடித்தால் மீண்டும் துளிர்க்கும். பழம் பிடிப்பதற்கு முன்பே, ஒட்டியிருக்கும் இடத்துக்குக் கீழே கிளையோடு அறுக்க வேண்டும். தோப்பைவிட்டு வெகுதொலைவில் புறம்போக்கு மரங்களில் இருப்பதைத் தேடிப்போய் வெட்ட வேண்டாம். வேலையில் நீடிப்பதா என்பதையும் அவரிடமே கேளுங்கள். உங்கள் சம்பளம் இல்லாமல் அடுத்த பருவத்துக்கு உரமும் மருந்தும் வாங்க முடியுமா என்பது அவருக்குத்தான் தெரியும்.