இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் உங்களை அதிகம் பாதித்த தலைவர் அல்லது சிந்தனையாளர் யார்?

ஹிட்லர், முசோலினி, ஸ்டாலின், காந்தி என்று வரிசையாகப் பதில்கள் வந்துவிட்டன. கேள்வி கேட்டவர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் போலத் தெரிகிறது. அந்தப் பெயர்களெல்லாம் உங்கள் கைடிலேயே இருக்கும். "உங்களை" என்று கேட்டிருப்பதால் என் பதில்: ம. சிங்காரவேலர்.

உடனே மே தினம்தான் ஞாபகம் வரும். 1923 மே 1, உயர்நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரையிலும் திருவல்லிக்கேணி கடற்கரையிலும் கூட்டம் போட்டு இந்தியாவிலேயே முதல் முறையாக மே தினம் கொண்டாடியவர். ஒரு மார்க் கேள்விக்கு அது போதும். எங்கள் வீட்டில் அவர் பெயர் புழங்கியது 1928 ரயில்வே ஸ்ட்ரைக்கால்.

என் அப்பாவின் தாத்தா நாகப்பட்டினம் ரயில்வே பட்டறையில் கொல்லு வேலை பார்த்தவர். தென்னிந்திய ரயில்வே அன்றைக்கு வெள்ளைக்காரக் கம்பெனி. நாகையிலும் போத்தனூரிலும் இருந்த பட்டறை வேலைகளை ஒன்றாக்கித் திருச்சி பொன்மலைக்குக் கொண்டுபோக முடிவெடுத்தார்கள். அதைச் சாக்கிட்டு ஆயிரக்கணக்கில் ஆட்குறைப்பு. மிச்சம் இருப்பவர்களுக்கும் தொழில் பரீட்சை வைத்தார்கள். வருஷக்கணக்காகச் சம்மட்டி பிடித்த ஆளை நிறுத்திவைத்து, "உனக்கு வேலை தெரியுமா, செய்து காட்டு" என்றால் எப்படி இருக்கும்? அப்பாயி கதை சொல்லும்போது இந்த இடத்தில்தான் குரல் ஏறும்.

ஜூலையில் ஸ்ட்ரைக் வெடித்தது. அப்போது சிங்காரவேலருக்கு வயது 68. சென்னையில் வக்கீலாக நன்றாகச் சம்பாதித்து, ஒத்துழையாமை இயக்கத்தில் அந்தத் தொழிலையே விட்டவர். 1925 கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். வீட்டில் உட்கார்ந்து அறிக்கை விட்டிருந்தாலே யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தொழிலாளிகளோடு வந்து நின்றார். கைது செய்து பத்து வருஷக் கடுங்காவல் போட்டார்கள். அப்பீலில் தண்டனை குறைந்து 1930இல் வெளியே வந்தார்.

"ஸ்ட்ரைக் தோற்றுத்தானே போனது, வன்முறையும் நடந்ததே" என்று யாராவது கமென்டில் வருவார்கள். தோற்றது உண்மை, வன்முறை நடந்ததும் உண்மை. நான் எந்தக் கட்சியிலும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு வேலை போய், குடும்பம் வயல் கூலிக்கு இறங்கிய காலத்திலும் வீட்டில் யாரும் அந்தப் பெரியவரை ஒரு வார்த்தை குறை பேசியதில்லை. கொள்ளுத்தாத்தாவுடைய பட்டறை டோக்கன் இன்றும் எங்களிடம் இருக்கிறது. பித்தளை வில்லை, ஓரத்தில் ஒரு துளை, நம்பரில் கடைசி இலக்கம் தேய்ந்துபோய் மூன்றா எட்டா என்று தெரியாது.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் உட்கார்ந்து எழுதியதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் என் மகள் பேச்சுப் போட்டியில் சிங்காரவேலரைப் பற்றிப் பேசினாள். அந்த டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பேசினாள். முடித்ததும் நடுவர், "நல்லா பேசின பாப்பா, தெரிஞ்ச தலைவரா எடுத்திருக்கலாமே" என்றார். தெரியாத தலைவரா? சென்னை கலெக்டர் ஆபீஸ் கட்டடத்துக்கே சிங்காரவேலர் மாளிகை என்றுதான் பெயர். அங்கே சான்றிதழுக்கு வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அவர் மீனவர் வீட்டுப் பிள்ளை என்று தெரியும்?

சிந்தனையாளர் என்ற பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. ஜெயிலிலிருந்து வந்த பிறகு பெரியாரின் குடிஅரசு பத்திரிகையில் மார்க்சையும் அறிவியலையும் சாதாரண ஆள் படிக்கிற தமிழில் எழுதித் தள்ளினார். 1932 கடைசியில் பெரியாரோடு சேர்ந்து, சுயமரியாதை இயக்கத்துக்கான சமதர்ம வேலைத்திட்டமாக ஈரோடு திட்டம். 1935இல் 'புது உலகம்' என்று சொந்தமாகப் பத்திரிகை. அதையெல்லாம் எழுத அவர் வீட்டில் பெரிய நூலகமே வைத்திருந்தார்.

நூலகம் என்றதும் இதையும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பகுதிக் கிளை நூலகம், ஷிப்டுக்குப் போகிறவர்கள் வேலை முடிந்து வருவதற்குள் பூட்டிவிடுகிறது. மனு கொடுத்தோம், "பரிசீலனையில் இருக்கிறது" என்று பதில் வந்ததோடு சரி. வேலைக்குப் போகிறவன் எந்த நேரத்தில் படிப்பான் என்று அந்த ஆபீசில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கேட்டவருக்கு: ஈரோடு திட்டத்தில் என்ன இருந்தது, அது ஏன் நிலைக்கவில்லை என்பதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள். அதற்கும் எழுதுகிறேன்.