விஞ்ஞானிகள் பள்ளிக்கூடத்துக்கு எதற்காக வருகிறார்கள்?

கேள்வி: திருப்பத்தூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் எவரும் ஒரு விஞ்ஞானியை நேரில் பார்த்ததில்லை. மூன்று ஆராய்ச்சி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினேன். இரண்டிலிருந்து பதிலே வரவில்லை. மூன்றாவதிலிருந்து வந்தவர் ஒரு மணி நேரம் திரையில் படங்களைக் காட்டிப் பேசினார். பாதியிலேயே பிள்ளைகளுக்குக் கண் சொருகிவிட்டது. தனிச் சம்பளம் இல்லாமல் இவ்வளவு தொலைவு இவர்கள் எதற்காக வருகிறார்கள்? அது தெரிந்தால் அழைக்கும் முறையை மாற்றிக்கொள்வேன்.

பதில்: நீரின் தரத்தை ஆராயும் வேதியியல் எனது துறை, பல ஆண்டுகளாகப் பள்ளிகளுக்குப் போய்வருகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காக வருவதில்லை என்பதையும், காரணத்துக்குத் தக்கபடி அந்த ஒரு மணி நேரத்தின் தரமும் மாறும் என்பதையும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிலர் கடமைக்காக வருகிறார்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022இல் வெளியிட்ட அறிவியலாளர் சமூகப் பொறுப்பு வழிகாட்டுதல்கள், ஒவ்வோர் அறிவியலாளரும் தமது அறிவைச் சமூகத்தோடு பகிர்ந்துகொள்ள ஆண்டுக்குக் குறைந்தது 10 நாள்களை ஒதுக்க வேண்டும் என்கின்றன. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றைத் தன்னுள் கொண்ட மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர், மாணவர்களை ஆய்வகங்களோடு இணைக்க 'ஜிக்யாசா' என்ற திட்டத்தை 2017இல் தொடங்கியது. ஆகவே உங்கள் அழைப்பு அவர்களுக்குத் தொல்லை அன்று. கணக்கில் காட்ட வேண்டிய ஒன்றை நீங்களே முன்வந்து கொடுக்கிறீர்கள். நிகழ்ச்சி முடிந்ததும் தேதி, நேரம், வகுப்பு, மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிட்டுத் தலைமையாசிரியர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றைத் தருவோம் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். அற்பமாகத் தோன்றினாலும், ஆண்டறிக்கை எழுதும் வேளையில் அந்தத் தாளின் அருமை எங்களுக்குத்தான் தெரியும்.

கடமைக்காக மட்டும் வருகிறவர்தான் பெரும்பாலும் கருத்தரங்கில் காட்டிய அதே படங்களைக் கொண்டுவந்து ஓட்டுகிறவர். உங்களுக்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்கும். நீங்கள் தேட வேண்டியவர், வந்தால் தமக்கும் ஏதோ கிடைக்கும் என்று அறிந்து வருகிறவர். அந்த 'ஏதோ' என்னவென்பதை எனக்கு நடந்த ஒன்றைக் கொண்டு விளக்குகிறேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு நாள், ஏரி நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மீன்கள் செத்து மிதக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "சார், தண்ணியே எச் டூ ஓ தானே? அதுலதான் ஆக்சிஜன் இருக்கே, அப்புறம் எப்படிக் குறையும்?" என்றாள். அது கரைந்துள்ள ஆக்சிஜன், இது வேறு என்றேன். "கரைஞ்சதுன்னா சர்க்கரை மாதிரியா?" என்று அடுத்த கேள்வி வந்தது. நாள்தோறும் நான் அளந்து குறித்துவைக்கும் ஒரு பொருளைப் பற்றி எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. நீர் மூலக்கூறில் உள்ள ஆக்சிஜன் ஹைட்ரஜனோடு பிணைந்து கிடக்கிறது. மீனின் செவுள் அதைப் பிரித்தெடுக்க முடியாது. காற்றிலிருந்து வந்து நீர் மூலக்கூறுகளுக்கிடையே தனி வாயுவாகக் கலந்திருப்பதை மட்டுமே அது எடுத்துக்கொள்ளும். அதுவும் 25 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம்தான் என்று ஒருவாறு சொல்லி முடித்தேன். அவள் முகத்தில் தெளிவு வரவில்லை. நல்ல வேளையாக, காலையிலிருந்து சன்னலோரம் வெயிலில் இருந்த கண்ணாடித் தம்ளரை ஆசிரியை சுட்டிக்காட்டினார். அதன் உட்சுவரெங்கும் பொடிப் பொடியாகக் குமிழிகள் ஒட்டியிருந்தன. நீர் சூடேறியதும் கரைந்திருந்த காற்று வெளியேறி நிற்கும் காட்சி அது. "அப்போ வெயில் காலத்துல மீனுக்குக் கஷ்டம்" என்று அவளாகவே சொல்லி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஊர்க்கூட்டங்களிலும் அதிகாரிகள் முன்னிலும் நான் இதை விளக்கத் தொடங்குவது அந்தத் தம்ளரிலிருந்துதான்.

எனவே பிள்ளைகளின் கேள்விகளையே உங்கள் அழைப்பின் முதல் பக்கமாக வையுங்கள். ஊர் ஏரி, கிணறு, பயிர், இரவு வானம் ஆகியவை பற்றிப் பத்துக் கேள்விகளை அவர்கள் கையெழுத்திலேயே, திருத்தாமல் அனுப்புங்கள். 'தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி' என்று தொடங்கும் கடிதத்தை ஒதுக்கிவைப்பது எளிது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கேள்வியை அப்படி ஒதுக்க மனம் வராது.

கடிதத்தை இயக்குநருக்கு மட்டும் எழுதாதீர்கள்; அது கோப்பில் உறங்கிவிடும். முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களைக் கேளுங்கள். அவர்களுக்குப் பேசிப் பழக வேண்டிய தேவை இருக்கிறது; வயதிலும் பிள்ளைகளுக்கு நெருக்கம்; உங்களுடையதைப் போன்ற பள்ளியிலேயே படித்துத் தம் வீட்டின் முதல் பட்டதாரியாக வந்தவர்களும் அவர்களிடையே உண்டு. அவர்களில் ஒரு பெண் வருவாரானால் இன்னும் நல்லது. விஞ்ஞானி ஒருவரை வரையச் சொல்லி 4,807 குழந்தைகளிடம் திரட்டிய ஓவியங்களை டேவிட் சேம்பர்ஸ் 1983இல் ஆராய்ந்து வெளியிட்டபோது, அவற்றுள் 28 மட்டுமே பெண்களின் உருவங்கள். அந்த 28ஐயும் வரைந்தவர்கள் சிறுமிகள். அந்தப் படத்தை மாற்றுவதற்கென்றே பள்ளிகளுக்கு வரும் பெண் ஆய்வாளர்களை நான் அறிவேன்.

வராதவர்களின் தரப்பையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி 2006இல் நடத்திய ஆய்வில், மக்களிடம் போய்ப் பேசுவதற்குத் தடை ஆராய்ச்சிக்கு நேரம் போதாமையே என்று 64 விழுக்காட்டினர் கூறினர். இங்கே இன்னொரு தடையும் உண்டு, வெளியே சொல்லமாட்டார்கள். இளங்கலையிலிருந்தே ஆங்கிலத்தில் படித்தவருக்கு வகுப்பில் தமிழ்ச் சொல் வாயில் வராதோ என்ற அச்சம். தலைப்புக்குரிய தமிழ்ப் பாடநூல் பக்கங்களைப் படமெடுத்து முன்பே அனுப்பிவிட்டால் அந்த அச்சம் பாதி தீரும். பிள்ளைகள் எதுவரை படித்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

விளம்பரத்துக்காக வருகிறவர்களும் உண்டு: பதாகை, குழுப் படம், பதினைந்து நிமிடப் பேச்சு. ஒரு திட்டத்துக்கு ஊரின் ஆதரவைத் திரட்டப் பள்ளிப் பிள்ளைகளை அவையாக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. அது பெற்றோரோடு நேருக்கு நேர் பேச வேண்டிய விவகாரம்.

தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28ஐ ஒட்டி அழைக்காதீர்கள். அந்த வாரம் எல்லாப் பள்ளிகளும் அழைக்கும், நிறுவனங்களும் தத்தம் இடத்தில் விழா வைத்திருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் தோது. ஒரு வகுப்புக்கு நாற்பது பேருக்கு மேல் வேண்டாம். முழுப் பள்ளியையும் மைதானத்தில் உட்காரவைத்து, சால்வை, மலர்ச்செண்டு, ஐந்து வரவேற்புரை என்று நாற்பது நிமிடத்தைக் கழித்துவிட்டு, மீதி இருபது நிமிடத்தில் 'சுருக்கமாக'ப் பேசச் சொன்ன ஒரு பள்ளிக்கு நான் மறுமுறை போகவில்லை. படங்களைத் தவிர்த்து, கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் விரிவுரைகளில், ஒரு மெழுகுவர்த்தியையே பொருளாக வைத்துக்கொண்டு மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்கு ஆறு விரிவுரைகள் நிகழ்த்தினார். உங்கள் பள்ளியில் வானவில் மன்றத்துக்கு (அரசுப் பள்ளிகளுக்கான செய்முறை அறிவியல் திட்டம்) வந்த கருவிகள் இருந்தால் அந்தப் பட்டியலையும் அனுப்புங்கள்.

உங்கள் மாவட்டத்திலேயே, ஜவ்வாது மலையின் காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியோடு வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது அங்கு வழக்கம். பள்ளிக் குழுவாகப் போவதானால் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வந்தவர் திரும்பிப் போனபின் தொடர்பு அறுந்துவிடாமல் இருக்க, 2025இல் மறைந்த வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகரின் வழியைப் பின்பற்றலாம். தம்மிடம் கையெழுத்துக் கேட்கும் பிள்ளைகளை, ஓர் அஞ்சலட்டையில் அறிவியல் கேள்வி எழுதி அனுப்பச் சொல்வார். விடை எழுதி, அதன் கீழ் கையொப்பமிட்டு அனுப்புவார். நீங்களும் பள்ளி முகவரி எழுதிய பத்து அஞ்சலட்டைகளை, ஒவ்வொன்றிலும் நேரம் போதாமல் விடுபட்ட ஒரு கேள்வியைக் குறித்து, அவர் கிளம்பும்போது கையில் கொடுத்தனுப்புங்கள்.