கண்டி வீதியால் பேராதனைக்கு: எங்கே திரும்பக்கூடாது, எங்கே மெல்லப் போகவேண்டும்

கோண்டாவில் வாசகர் ஒருவரின் கேள்வி: "மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. முதல் முறையாக எங்கள் காரிலேயே போகப்போகிறோம். கொழும்புக்குப் போய்வந்த பழக்கம் உண்டு, கண்டிப் பக்கம் வழி தெரியாது. ஏ-9 இலேயே போவதா, சங்குப்பிட்டிப் பாலத்தால் போனால் கிட்டவா? எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது நல்லது? கூட வரும் சின்ன மகனுக்குச் சொல்ல இந்த வீதியின் வரலாற்றையும் கொஞ்சம் எழுதுங்கள்."

யாழ்ப்பாணம்–கண்டி வீதியான ஏ-9 இலேயே போங்கள். செம்மணிச் சந்தியில் ஏறினால் கண்டி வரைக்கும் அதே வீதிதான். முழு நீளம் 321 கிலோமீற்றர். கொழும்புக்குப் போகும்போது றம்பாவையிலோ தம்புள்ளையிலோ இந்த வீதியை விட்டு விலகிவிடுவோம். அதனால்தான் தினமும் 'கண்டி வீதி' என்று சொல்கிற நம்மில் பலருக்கு அதன் தென்பாதி பழக்கமில்லை.

ஒரு விஷயத்தை மகனுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த வீதியின் கிலோமீற்றர் கற்கள் கண்டியிலிருந்து எண்ணப்பட்டவை. நீங்கள் போகப்போக எண் குறைந்துகொண்டே வரும், அதாவது கல்லில் இருப்பது கண்டிக்கு இன்னும் உள்ள தூரம். கிளிநொச்சியில் '155 ஆம் கட்டை' என்று ஓர் இடம் இருக்கிறது அல்லவா, அது பழைய மைல் கணக்கு. கண்டியிலிருந்து 155 மைல், ஏறத்தாழ 250 கிலோமீற்றர். மைல்கற்கள் போய்விட்டன, ஊர்ப்பெயர் மட்டும் நிற்கிறது.

சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. அந்த ஏ-32 வீதி நாவற்குழியில் பிரிந்து பூநகரி வழியாக மன்னாருக்குப் போகிறது. மன்னாருக்கு அது மிகவும் கிட்டிய வழி, கண்டிக்கு அல்ல. ஆனால் மாரிகாலத்தில் பரந்தன், கிளிநொச்சிப் பக்கம் வெள்ளம் ஏறி வீதி மறிபட்டால் கைகொடுக்கும். பூநகரி தாண்டி வெள்ளாங்குளத்தில் திரும்பி, துணுக்காய், மல்லாவி வழியாக மாங்குளத்தில் மறுபடி ஏ-9 ஐப் பிடிக்கலாம்.

விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிடுங்கள். ஆனையிறவுக்கு வரும்போது நிலம் வெளித்துவிடும். இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆனையிறவிலிருந்து வவுனியா வரை வீதி நேராகவும் வழுவழுப்பாகவும் கிடக்கும். போருக்குப் பிறகு சீனக் கடனுதவியுடன் திருத்தப்பட்ட வீதி அது. இருட்டில் அந்த நேர்வீதிதான் ஆபத்து. ஓட்டுநருக்கு நித்திரை வருவது அங்கேதான். கட்டாக்காலி மாடுகள் தாரின் சூட்டுக்காக நடு வீதியிலேயே படுத்திருக்கும், கறுப்பு மாடு முகப்பு விளக்கில் கடைசிக் கணத்தில்தான் தெரியும். பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லொறி, உழவு இயந்திரப் பெட்டி, காட்டுப் பகுதிகளில் யானை என்று எல்லாம் இருக்கின்றன. அறுவடைக் காலமென்றால் வீதியின் ஒரு பக்கத்தில் நெல் காயப் போட்டிருப்பார்கள். அதைக் கண்டதும் வேகத்தைக் குறையுங்கள், பக்கத்தில் ஆள் குனிந்து கூட்டிக்கொண்டிருப்பார். காருக்கு வெளியிடங்களில் 70 கிலோமீற்றர், ஊர்மனைக்குள் 50. வீதி நன்றாக இருக்கிறதே என்று 100 இல் போகாதீர்கள்.

முகமாலைப் பக்கம் இறங்கி நிற்க வேண்டிவந்தால் தார் வீதியின் ஓரத்தோடு நில்லுங்கள். போர்முனை நின்ற இடம் அது. நாட்டிலேயே மிக நெருக்கமாக மிதிவெடி விதைக்கப்பட்ட நிலங்களில் ஒன்று. ஆண்டுக்கணக்காக அகற்றி வருகிறார்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை எங்கே இருந்தாலும் அதற்கப்பால் பிள்ளையை ஓர் அடிகூட வைக்க விடாதீர்கள்.

சரி, வரலாறு. ஆனையிறவிலிருந்தே தொடங்கலாம். வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை ஆழம் குறைந்த இந்தக் கடல்நீரேரியால் குடாநாட்டுக்குள் நடத்திக் கொண்டுவந்தார்கள். ஒல்லாந்தர் காலத்தில் அவை கப்பலேறி இந்தியாவுக்கு விலைப்பட்டன. குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் இவ்வளவு ஒடுங்கிய நிலம்தான் இருக்கிறது என்பதை மகனுக்கு அங்கே காரை ஓரமாக நிறுத்திக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் நீர், நடுவில் வீதியும் தண்டவாளமும். இதைப் பார்த்தால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

1990 ஜூனில் போர் மறுபடி வெடித்தபோது வீதி அடைபட்டது, யாழ்தேவி ரயிலும் நின்றது. ஆனையிறவு இராணுவத்தின் கையில், பிறகு பூநகரியும் அப்படியே. இரண்டு வழியும் போனதால் சனம் இடையில் இருந்த கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் இரவோடு இரவாகக் கடந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பொதியை நனையாமல் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு போனவர்கள் இன்றும் உங்கள் அயலிலேயே இருப்பார்கள். அந்தப் பயணத்தில் சுடுபட்டு இறந்தவர்கள் பலர். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது பெருந்தொகையானோர் போனதும் இந்தச் செம்மணி, நாவற்குழி வழியாகத்தான். மழையில், சைக்கிளை உருட்டவும் இடமில்லாமல். அதே செம்மணியில் 2025 இல் பழைய மனிதப் புதைகுழி அகழ்ந்து ஆராயப்பட்டதை மகன் செய்தியில் பார்த்திருப்பான். கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அவன் பிறந்த ஊரின் வாசலில் நடந்த விஷயம் அது.

அதற்குப் பிறகு வெளியே போக வேண்டியவர்கள் பலாலியில் விமானமோ காங்கேசன்துறையில் கப்பலோ ஏறவேண்டியிருந்தது. 2002 இல் போர்நிறுத்தம் வந்து, ஏப்ரலில் முகமாலை திறந்தபோதுதான் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி வீதி கிடைத்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி, வரிசையில் நின்று, பொதி அவிழ்த்துக் காட்டிவிட்டுப் போவோம். அந்த அலைச்சலோடு கூட அது பெரிய நிம்மதி. 2006 ஓகஸ்ட் 11 இல் அதுவும் மூடப்பட்டது. போர் முடிந்த பிறகே மீண்டும் திறந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடி 2015 இல்தான் எடுக்கப்பட்டது. இப்போது அந்த இடத்தை ஒரு நிமிடத்தில் கடந்துவிடுவீர்கள்.

முறிகண்டியில் நிற்காமல் போகமாட்டீர்கள் என்று தெரியும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சூடான கச்சான் ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் அங்கே பத்து நிமிடம் நடந்துவிட்டு ஏறுவது நல்லது. காலைச் சாப்பாட்டை வவுனியாவில் வைத்துக்கொள்ளலாம், யாழ்ப்பாணத்திலிருந்து அது சுமார் 140 கிலோமீற்றர்.

வவுனியாவுக்குப் பிறகுதான் கவனம் வேண்டும், பழக்கதோஷத்தில் திரும்பிவிடாதீர்கள். மதவாச்சியில் வலப்பக்கம் போவது மன்னார் வீதி, வேண்டாம். றம்பாவையில் வலப்பக்கம் அனுராதபுரம். கொழும்புக்குப் போகும் வாகனங்கள் நிறைய அங்கே திரும்பும், அவற்றின் பின்னால் போகவேண்டாம். மிஹிந்தலை, கல்குளம, மரதன்கடவல, கெக்கிராவ என்று நேரே வாருங்கள். தம்புள்ளைக்குச் சற்று முன்னால் ஹபரணையிலிருந்து வரும் திருகோணமலை வீதி வந்து சேரும். நகரத்துக்குள் குருநாகல் வீதி வலப்பக்கமாகப் பிரியும், நீங்கள் மாத்தளைக்கு நேரே போகவேண்டும். பொருளாதார மத்திய நிலையத்தின் முன்னால் மரக்கறி லொறிகள் குறுக்கும் மறுக்கும் திரும்பும். நம்மூர் வெங்காயமும் அங்கே விலைப்படுகிறது.

மதவாச்சி முதல் மாத்தளை வரையான பகுதிக்கு இன்னொரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்தில் அதை நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுக்குள்ளால் நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. மலையகத் தமிழரின் முன்னோர் அவர்கள். அந்த வருகையின் 200 ஆண்டை நினைத்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடைபயணம் போனார்கள். உங்கள் மகள் பேராதனையில் மலையகப் பிள்ளைகளோடு ஒரே விடுதியில் இருக்கப்போகிறாள், இதைத் தெரிந்துகொண்டு போவது அவளுக்கு நல்லது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போங்கள், வீதியோடுதான் இருக்கிறது. மாத்தளைக்குச் சற்று முன்னாலுள்ள அலுவிகாரை, பௌத்தத் திரிபிடகம் முதலில் ஏட்டில் எழுதப்பட்ட இடம்.

மாத்தளையிலிருந்து கண்டிக்குச் சுமார் 25 கிலோமீற்றர்தான், ஆனால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். பலகடுவையில் வளைவும் ஏற்றமும். கியரைக் குறைத்து இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பவேண்டாம். அக்குறணை ஒடுங்கிய கடைத்தெரு, பாடசாலை விடும் நேரத்தில் வாகனம் ஊர்ந்துதான் போகும். கடும் மழைக்கு பிங்கா ஓயா பெருகி அங்கே வீதிக்கே வெள்ளம் வருவதுண்டு. மழை நாளென்றால் மாத்தளையிலேயே விசாரித்து, வத்தேகமை வழியாகப் போகலாமா என்று பாருங்கள்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டி நகரத்துக்குள் நுழையாமல், ஹல்லொலுவ வழியாகக் கெட்டம்பே போய்ப் பேராதனையைப் பிடியுங்கள். ஐந்துக்கு வெளிக்கிட்டால் நிறுத்தங்களோடு பின்னேரம் இரண்டு மணிக்குள் போய்ச் சேரலாம். அன்றே திரும்பி வர நினைக்காதீர்கள். மகளின் சாமான்களை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே தங்கி, மறுநாள் விடிய வெளிக்கிடுங்கள்.