கேள்வி-பதில்: மூக்கைத் திருத்திய முன்னோடிகள்

கே: அழகுக்காக மூக்கில் முதலில் கத்தி வைத்தவர் பெர்லினின் யாக் யோசப்தானே?

இல்லை. அவருக்குப் பதினொரு வருடம் முன்பே, 1887-ல், அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் ஜான் ஓர்லாண்டோ ரோ, நுனி தடித்த மூக்கைத் திருத்தியதை எழுதிவிட்டார். துவாரத்தின் உள்ளிருந்தே வெட்டியதால் வெளியே தழும்பில்லை. 1898-ல் யோசப் வெளித்தோலைக் கீறித்தான் பெரிய மூக்கைச் சிறிதாக்கினார். உள்வழிக்கு அப்புறம்தான் வந்தார். ஆனால் அதை ஒரு முறையாக வகுத்து, பலருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

கே: மூக்கு அறுவை செய்ததற்காகவா யோசப் வேலையை இழந்தார்?

காதுக்காக. 1896-ல் ஒரு சிறுவனின் விடைத்த காதைச் சரிசெய்தார். எலும்பு மருத்துவமனையில் இதெல்லாம் எதற்கு என்று அனுப்பிவிட்டார்கள்.

கே: வலியை எப்படித் தாங்கினார்கள்?

1884 முதல் கோக்கைன் இருந்தது. மூக்குக்குள் தடவினால் மரத்துவிடும்.

கே: சுஸ்ருதர் 2,000 வருடம் முன்பே அழகு அறுவை செய்தார். வெள்ளைக்காரர்களை ஏன் முன்னோடி என்கிறீர்கள்?

மாதம் நான்கு கடிதமாவது இப்படி வருகிறது. எத்தனை முறை எழுதுவது? இழந்த மூக்கைத் திரும்பச் செய்வது வேறு, இருக்கிற மூக்கை மாற்றுவது வேறு. சுஸ்ருத சம்ஹிதை சொல்வது முதல் வகை: இலையால் அளவெடுத்து, கன்னத்துத் தோலை ஒட்டி, மூச்சுக்கு இரண்டு குழல் வைப்பது. அதற்கே பெருமைப்படலாமே, இல்லாததை ஏன் சேர்க்க வேண்டும்?

எனக்கு ஆற்றாமை வேறிடத்தில். மைசூர்ப் போரில் மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரருக்கு, புனே பக்கம் செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலால் மூக்கு வைத்தார். 1794-ல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. அதைப் படித்த ஆங்கில அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ, பிணங்களில் பழகிப் பார்த்து, 1814-ல் லண்டனில் செய்தார். நோயாளியின் பெயர் அச்சில் இருக்கிறது, கார்ப்யூவின் பெயர் பாடத்தில் இருக்கிறது. வைத்தவரின் பெயரை அந்தச் செய்தியில் யாரும் எழுதவில்லை. சுஸ்ருதருக்காகச் சண்டை போடுகிறவர்கள் இவருக்காகவும் ஒரு வரி எழுதலாம்.

கே: மூக்கில் மெழுகு ஏற்றினார்களாமே?

உண்மைதான். 1900 வாக்கில் வியன்னா மருத்துவர் கெர்சூனி பாரஃபின் மெழுகை ஊசியால் ஏற்றும் முறையைப் பரப்பினார். பள்ளமான மூக்குகள் நிமிர்ந்தன. சில வருடத்தில் கட்டிகட்டியாகி, இடம் நகர்ந்தது. ரத்தக் குழாயில் புகுந்து பார்வை போனவர்களும் உண்டு. முன்பும் சொன்னேன்: எதை ஏற்றினாலும், திரும்ப எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். இன்றைய ஊசிகளுக்கும் இதே பேச்சுதான்.

கே: படம் இணைத்துள்ளேன். யோசப் முறையில் குறைக்கலாமா?

வயது எழுதவில்லை, மூச்சடைப்பு உண்டா என்றும் எழுதவில்லை. படத்தைப் பார்த்து நான் சொல்வதில்லை. நேரில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.