சத்தம் தொண்டையில், எழுத்து வாயில்

ஹட்டன், தமிழ் டீச்சர்: சேர், 'ஆ'வும் 'ஈ'யும் தொண்டையிலயா பிரியுது?

இல்லை டீச்சர். தொண்டையிலுள்ள குரல்நாண்கள் இரண்டும் காற்றில் திறந்து மூடும். ஆண்களுக்குச் செக்கனுக்கு 100–120 தடவை, பெண்களுக்கு 200 சொச்சம். அங்கே பிறப்பது வண்டு இரைகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அதை எழுத்தாக்குவது நாணிலிருந்து உதடு வரையுள்ள குழாய். வளர்ந்த ஆணுக்குச் சுமார் 17 செ.மீ. நாக்கு சும்மா கிடந்தால் குழாயின் பரிவு மீடிறன்கள், அதாவது அது தூக்கிக் கொடுக்கும் அதிர்வுகள், 500, 1500, 2500 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு இத்தனை அதிர்வு) அளவில் நிற்கும். 'ஆ'வுக்குத் தாடை இறங்கினால் முதலாவது 700ஐத் தொடும். 'ஈ'க்கு நாக்கு முன்னால் உயர்ந்தால் அது 300க்கு இறங்கி, இரண்டாவது 2200ஐத் தாண்டும்.

வகுப்பில் இப்படிக் காட்டுங்கள்: தொண்டையில் விரலை வைத்து, ஒரே சுருதியில் 'ஈ' பிடித்தபடி உதட்டை மட்டும் குவிக்கச் சொல்லுங்கள். 'ஊ' வராது, இரண்டுங்கெட்டான் ஒன்று வரும். நாக்கையும் பின்னுக்கு இழுத்தால்தான் 'ஊ'. விரலுக்கடியில் அதிர்வு முழுநேரமும் அப்படியே இருக்கும்.

தலவாக்கலை, கங்காணி: மலையில கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பின்னேரம் குரல் கம்முதுங்க. இஞ்சி பிளேன்டீ குடிச்சா சரியாகுமா?

குடிப்பது உணவுக்குழாயில் போகிறது அண்ணே, நாணில் படாது. நீர்ச்சத்துக்கு நல்லது, அந்த மட்டில் குடியுங்கள். கத்தும்போது நாண்கள் பலமாக மோதி விளிம்பு வீங்கும். வீங்கிய நாண் சரியாக மூடாமல் காற்றுக் கசியும், அதுதான் கம்மல். தொண்டையைக் கனைப்பதும் அதே அடிதான், அதை விடுங்கள். அரைக் கிளாஸ் தண்ணீரில் ஸ்ட்ரோவை 2–3 செ.மீ. அமிழ்த்தி, குமிழி வர 'ஊ' என்று மெல்லக் குரல் கொடுங்கள். ஒரு மூச்சுக்கு 5–10 செக்கன், இரண்டு மூன்று நிமிடம். ஸ்ட்ரோவில் தடைப்படும் காற்று திரும்ப அழுத்துவதால் நாண்கள் மென்மையாக மோதும். வலித்தால் நிறுத்துங்கள். மலையில் விசிலை ஊதுங்கள். மூன்று வாரம் தாண்டியும் கம்மல் போகாவிட்டால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.

நுவரெலியா: தடிமன் வந்தா மகன் 'மாமா'வ 'பாபா'ங்கிறான்.

'ம'வுக்கு உதடு மூடியிருக்க, சத்தம் மூக்கால் வெளியேற வேண்டும். மூக்கு அடைத்தால் வழியில்லை, 'ப' மாதிரிக் கேட்கும். இதைப் போய் 'மூக்கால பேசுறான்' என்கிறோம். உண்மையில் மூக்கு இல்லாமல் பேசுகிறான்!

பண்டாரவளை, ஏ.எல். மாணவி: குசுகுசுத்தா நாண் அதிராதே, எப்படி விளங்குது?

நாணிடுக்கில் சீறும் காற்றே சத்தம் தருகிறது தங்கச்சி. வாய்க்குழாய் வழக்கம்போல் வடிவம் மாற்றுவதால் எழுத்து தப்புகிறது. சுருதிதான் இல்லை, குசுகுசுத்துப் பாட முயன்று பாருங்கள்.