வால்வு மூடி தானாகக் காற்று நிரப்புமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறேன். வேலைக்காகத் தினமும் காரில் புதுச்சேரி போய் வருகிறேன். கார் சாமான் கடையில், "டயர் வால்வில் இந்த நாலு மூடியை மாட்டிவிட்டால் காற்று தானாகவே சரியாக நிற்கும்" என்று சொல்லி 3,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அவர்கள் சொல்வதை நம்பி வாங்காதீர்கள். அந்த மூடி காற்றை அளக்கும், நிரப்பாது. அதற்குள் சின்ன சென்சாரும் பேட்டரியும்தான் இருக்கும். காற்று குறைந்தால் டேஷ்போர்டில் வைத்திருக்கும் திரை சத்தம் கொடுக்கும். டிபிஎம்எஸ், அதாவது டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி என்பது இதுதான். காற்றை நீங்கள்தான் அடிக்க வேண்டும்.

தானாக நிரப்பும் ஏற்பாடு இல்லாமல் இல்லை. சில பெரிய டிரெய்லர் லாரிகளில் பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸரிலிருந்தே அச்சு வழியாகச் சக்கரத்துக்குக் குழாய் போகும். உங்கள் காரில் அப்படிக் கம்ப்ரஸரும் கிடையாது, குழாயும் கிடையாது. விரல் நுனி அளவு மூடி எங்கிருந்து காற்றைக் கொண்டுவரும்?

சரி, எச்சரிக்கைக்காகவாவது மாட்டலாமா என்றால், மாட்டலாம். மெதுவாக இறங்கும் பஞ்சரை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும், அது பெரிய உதவி. ஆனால் நம் கடற்கரை உப்புக்காற்றில் ஒரு தொல்லை உண்டு. பித்தளை வால்வும் அலுமினிய மூடியும் அரித்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பிளேயர் போட்டுத் திருகினால் வால்வே உடைந்து வந்துவிடும். அடிக்கடி கழற்றித் துடைத்து மாட்டுங்கள். முதலில் உங்கள் கார் கையேட்டைப் பாருங்கள். புது கார்கள் பலவற்றில் இந்த வசதி கம்பெனியிலேயே வருகிறது.

என்னைக் கேட்டால், அந்தப் பணத்தில் காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் ஓடும் காற்றடிக்கும் மெஷினை வாங்குவேன். காலையில் கிளம்பும் முன், டயர் சூடேறாதபோது அளந்து அடியுங்கள். எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீர்கள். புதுச்சேரி போய்ச் சேர்ந்ததும் அளந்தால் சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அது சூட்டினால் வருவது, காற்றை இறக்கிவிடக் கூடாது.

அப்புறம், கடைக்காரர் தானாக நிரப்பும் என்றே சாதித்தால், அதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்த பிறகு ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.