யெஷிவா தலைமை: ஏற்பதற்கு முன் ஒரு ரபி கேட்க வேண்டியவை

கேள்வி: எனக்கு நன்கு பழக்கமான யூத ரபி (மதகுரு) ஒருவரை யெஷிவா ஒன்றுக்குத் தலைவராக வரும்படி அழைத்திருக்கிறார்கள். கௌரவமான பதவிதான். ஆனாலும் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறார். அவரிடம் என்ன சொல்லலாம்?

பதில்: யெஷிவா என்பது, யூதச் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய பழைய தொகுப்பான தல்மூதை முதன்மையாக வைத்துப் படிக்கும் கல்விக்கூடம். அதன் தலைவர் 'ரோஷ் யெஷிவா'. பதவி என்றதும் பின்வாங்குவது யூத மரபில் குறையல்ல. 'உழைப்பை நேசி, அதிகாரத்தை வெறு' என்பது, முன்னோர் வாக்குகளின் தொகுப்பான 'பிர்கே அவோத்' நூலில் வரும் பழைய அறிஞர் ஷெமாயாவின் வாக்கு. அதே நூலில் இன்னொரு அறிஞரான ஹில்லேல், 'ஆளில்லாத இடத்தில் நீ ஆளாக நிற்கப் பார்' என்கிறார். ஆகவே அவர் முதலில் கேட்க வேண்டியது, அந்த இடத்துக்குத் தகுதியான வேறொருவர் இருக்கிறாரா என்பது. இருந்தால் தாராளமாக மறுக்கலாம்.

அடுத்தது பணம். இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். நன்கொடையில் ஓடும் யெஷிவாக்களில் பெரும்பாலும் அந்தச் சுமை தலைவரின் தோளில்தான் விழும். போலந்தில் மெயிர் ஷாபிரோ என்ற ரபி, லூப்ளின் யெஷிவாவைக் கட்டுவதற்காக அமெரிக்கா வரை போய் நிதி திரட்டினார். 1930-இல் அது திறந்தது. 1933-இல், 46 வயதில், அவர் இறந்தபோது கடன் மிச்சமிருந்தது. எனவே உங்கள் நண்பர் சரி என்று சொல்லும் முன் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். கடன் எவ்வளவு, ஆசிரியர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகிறதா, நிதி திரட்டுவது யார் பொறுப்பு? மாணவரைச் சேர்ப்பதிலும் ஆசிரியரை அமர்த்துவதிலும் கடைசி வார்த்தை யாருடையது? தான் உட்கார்ந்து படிக்கவும் பாடம் தயாரிக்கவும் தினமும் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? பதில்களை எழுத்தில் வாங்குவது மரியாதைக் குறைவு ஆகாது.

அப்புறம், மனைவியிடம் பேசினாரா? பழங்காலத்தில் யவ்னே என்ற ஊரின் கல்விக்கூடத்தில், தலைவராக இருந்த ரப்பான் கம்லியேலைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டு எலாசர் பென் அசரியாவை அழைத்தபோது, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றுதான் அவர் சொன்னார். 'நாளைக்கு உங்களையும் இறக்கிவிட்டால்?' என்று மனைவி கேட்டதாகத் தல்மூத் சொல்கிறது. அப்போது அவருக்கு வயது 18 என்றும் அங்கேயே வருகிறது. துணிந்து ஏற்றார். பிறகு கம்லியேல் திரும்பி வந்ததும், வாரங்களைப் பிரித்துக்கொண்டு இருவருமே பாடம் நடத்தினார்கள்.

இது உங்கள் நண்பருக்கும் ஒரு வழி. பாடமும் மாணவர்களும் என் பொறுப்பு, நிதிக்கும் நிர்வாகத்துக்கும் வேறொருவரைப் போடுங்கள் என்று அவர் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு நிர்வாகக் குழு இசையவில்லை என்றால், மறுப்பதே நல்லது என்பது என் கருத்து.